துயா வேலியில் ஒரு ஓட்டை

எழுத உட்காரும் முன் கையைக் கழுவிவிட்டு வந்தேன். காருக்குக் கீழே படுத்து எழும்பியபின் கை கழுவாத மெக்கானிக் இல்லை. நான் காரைத் தொடுவதற்கு முன்பும் கழுவுகிறவன். கையைக் கழுவி, நெற்றியில் இருக்கிற திருநீற்றை ஒருமுறை தொட்டு, முருகா என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் முதல் திருகைக் கழற்றுவேன். பட்டறையில் சேர்ந்த முதல் கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, நான் கழுவப் போனால் துவாயை எடுத்துத் தரப் பழகிவிட்டார்கள்.

பிள்ளைகளே, போன மாதம் சங்க மண்டபத்தில் நீங்கள் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். சிலருக்கு அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிலர் வேலைக்கே போய்விட்டீர்கள். அந்த எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரை வீட்டுக் கராஜில் வைத்து எப்படிச் செய்தேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பிரிப்பது, கார்புரேட்டரைச் சரிசெய்வது, துரு எடுப்பது எல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அதனால் நான் எழுதப் போவது எங்கள் வீட்டுக்கு எதிரே, துயா மரங்களை நெருக்கி நட்டு வளர்த்த வேலியைப் பற்றி. அந்தப் பச்சை வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஒரு கார் நுழைகிற அகலத்துக்கு. அன்று காரை ஓட்டியது என் மனைவி. ஓட்டையைப் போட்டவன் நான்.

முதலில் என் பட்டறை முதலாளி மைஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இரண்டு மூன்று முகாம் மாறி, கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். பிறந்த ஊரில் லொறிப் பட்டறையில் நின்ற பழக்கம் இருந்தது. வேலை அனுமதி கிடைத்ததும் அவரிடம் போய் நின்றேன். அவர் என் சான்றிதழ்க் கடிதங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். அவ்வளவுதான், முப்பது வருடம்.

அதிகம் பேசாத மனிதர். ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். பிரேக் வேலை செய்தவன்தான் காரை முதலில் ஓட்ட வேண்டும், சொந்தக்காரன் இரண்டாவதாகத்தான் ஓட்டலாம். ஒருநாள் ரொட்டி விநியோகிக்கிற வான் ஒன்றுக்கு நான் புதுப் பிரேக் பூட்டினேன். ரொட்டி ஆறுகிறது என்று அந்த ஓட்டுநர் நின்ற நிலையில் கத்திக்கொண்டிருந்தார். நான் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மைஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். அந்த மனிதரின் கையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல மழை. நான் பட்டறையைச் சுற்றி இரண்டு முறை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்து வரும்வரை அந்த மழைக்குள்ளேயே நின்றார். அதற்குப் பிறகு முப்பது வருடமும் நான் அந்த விதியை மீறியதில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒருமுறை மீறினேன்.

அவர் பட்டறையை மூடும்போது, பின் மூலையில் துணி போட்டு மூடியிருந்த காரைக் காட்டினார். அறுபதுகளில் வந்த அமெரிக்கக் கார். இரண்டு கதவு, நீள மூக்கு. இளமையில் ஆசைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டது. திருகுகளெல்லாம் ஜாம் போத்தல்களில் இருந்தன.

“பிரித்தது நான். பூட்ட எனக்குக் காலம் போதாது. நீ கொண்டு போ,” என்றார். அடுத்த வருடமே அவர் இறந்துபோனார். அவர் சொன்னது சரிதான்.

இழுவை வண்டியில் அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது என் மனைவி சரோ சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“உந்தப் பிணத்தை எங்கை கிடத்தப் போறியள்?”

“கராஜிலைதான்.”

“கராஜிலை என்ர அரிசி மூட்டை கிடக்கு. குளிர்ப்பெட்டி கிடக்கு. திருவிழாக் குத்துவிளக்கு கிடக்கு.”

“அரிசி நிலவறைக்குப் போகட்டும்.”

“ஓமோம். சாப்பிடுற அரிசி நிலவறைக்கு, சாப்பிடேலாத இரும்பு மேல் வீட்டுக்கு. நல்ல ஞாயம்.”

சரோ இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவள். காலை நாலரைக்கு எழும்பி, விளக்கேற்றிக் கும்பிட்டு, தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். பனி கொட்டினாலும் என்னை எழுப்பமாட்டாள். அந்தப் பழைய காரின் கிழிந்த இருக்கையை ஒருநாள் சும்மா தொட்டுப் பார்த்தாள். நூலை இரண்டு விரலால் இழுத்தாள்.

“உதை ஆர் தைச்சது? கண்ணை மூடிக்கொண்டு தைச்சிருக்கிறான்.”

அடுத்த சனிக்கிழமை அவளுடைய தையல் இயந்திரம் கராஜுக்கு வந்துவிட்டது. மூன்று வருடம் எங்கள் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. வானொலியில் பக்திப் பாட்டு ஓடும். ஒரு பக்கம் நான் துருவோடு, மறுபக்கம் அவள் தோலோடு. பின் இருக்கை முடிந்தது. பக்கத்து இருக்கை முடிந்தது. ஓட்டுநர் இருக்கையில் பாதித் தையல் மிச்சம் இருந்தபோது அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

சாமியறையில் விளக்கேற்றப் போனவள் தீப்பெட்டியைத் தவறவிட்டாள். குனிந்து எடுக்கப் போனாள், முடியவில்லை. பக்கவாதம். மருத்துவமனை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி நிலையம். கடவுள் பேச்சைத் திருப்பித் தந்தார், நடையைக் கொஞ்சம் தந்தார். இடக்கையும் இடக்காலும் வரவில்லை. தடியோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வெளியே போவதை விட்டுவிட்டாள். கோயிலுக்குக்கூட.

“என்னை அரிசி மூட்டை மாதிரி ஏத்தி இறக்காதேங்கோ. சாமி வீட்டிலையும் இருக்கிறார்தானே,” என்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் காருக்குக் கீழே படுத்து கிளச்சைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தடியின் சத்தம் கேட்டது. பக்கத்துக் கதவால் மெல்ல ஏறி, நகர்ந்து நகர்ந்து அந்தப் பாதி தைத்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். வலக்கையை ஸ்டியரிங்கில் வைத்த சத்தமும் கேட்டது. அவளுடைய வளையல் அதில் பட்டது.

“இதை முதல் ஓட்டுறது நான்தான் எண்டு நினைச்சிருந்தனான்,” என்றாள்.

“எனக்குச் சொல்லேல்லையே.”

“சொன்னா நீங்கள் சிரிப்பியள்.”

காருக்குக் கீழே படுத்திருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, பிள்ளைகளே. முகத்தை யாரும் பார்க்க முடியாது. நான் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை, இடக்காலால் மிதிக்கிற அந்தக் கிளச்சைக் கழற்றினேன். நாலு கியர் பெட்டியையும் இறக்கினேன். அதே காலத்துத் தானியங்கி கியர் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். முன் சில்லுகளுக்குத் தட்டு பிரேக், மிதிக்க லேசாக இருக்க ஒரு உதவிப் பெட்டி, ஒரு கையால் திருப்ப ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். சமிக்ஞை விளக்குக் கம்பியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினேன். பழைய கார் பிரியரான ஒரு ஜெர்மன் நண்பர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற காரைக் கெடுக்கிறாய், இது பாவம், என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அது கராஜிலேயேதான் இருக்கும் என்றேன்.

இந்த இடம்வரை நான் செய்ததில் எனக்கு வெட்கமில்லை. பிறகு வருவதைக் கவனமாகப் படியுங்கள்.

அவள் கார் ஓட்டலாம் என்று டாக்டரின் கடிதம் வந்தது. ஓட்டுநர் பள்ளியில் மணித்தியாலம் எடுத்து, சோதனை ஓட்டமும் முடித்தாள். தானியங்கி கியர் மட்டும் என்ற குறிப்போடு புது ஓட்டுநர் அட்டையும் வந்தது. கார் மட்டும்தான் மிச்சம். நான் சந்தோசத்தில் கோயிலுக்குப் போய் ஐயரிடம் நாள் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பத்திலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம் என்று குறித்துத் தந்தார். வீட்டுக்கே வந்து பூசை செய்வதாகவும் சொன்னார். அப்போது முன் பிரேக் இன்னும் பெட்டிக்குள் இருந்தது. அதில் ஒரு பாகம் வர வேண்டும். அது தபாலில் பிந்தி வந்தது. வியாழக்கிழமை பூட்டினேன்.

அவசரத்தில் பூட்டினேன் என்பது பாதிப் பிழைதான். மற்றப் பாதி எங்கள் வீட்டு வழக்கத்தில் இருந்தது. பூசை செய்யாத வாகனத்தை உருட்டக்கூடாது. முதல் சில்லு எலுமிச்சம்பழத்தின் மேல்தான் ஏற வேண்டும். நாங்கள் வாங்கிய ஒவ்வொரு காரும் அப்படித்தான் புறப்பட்டது. ஆனால் அவையெல்லாம் வேறு யாரோ பிரேக் போட்டு, வேறு யாரோ ஓட்டிப் பார்த்துத் தந்த கார்கள். இது நான் பூட்டிய கார். மைஸ்டரின் விதி ஒரு பக்கம், வீட்டு வழக்கம் மறுபக்கம். அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து நான் யோசிக்கவே இல்லை. யோசித்தால் நாள் தள்ளிப் போகும் என்று தெரிந்த மனம் யோசிக்காமல் இருந்துகொண்டது.

வியாழன் பின்னேரம், காரை உயரத்தில் வைத்தபடி பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கொஞ்சம் மெத்தென்று இருந்தது. குழாயில் காற்று இருந்தால் அப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று முறை காற்று எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வரவில்லை, ஆகவே காற்று இல்லை என்று முடிவு செய்தேன். வராததும் இல்லாததும் ஒன்றல்ல என்று முப்பது வருட வேலைக்குப் பிறகும் அந்தப் பின்னேரம் எனக்கு மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து மகள் வந்திருந்தாள். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் கமராவோடு வேலிக்கு முன்னால் வந்து நின்றார். ஐயர் கார் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், தேங்காய் உடைத்தார். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம். பரிசோதனை முத்திரை இன்னும் வராததால் அன்று வாசல் விளிம்புவரை மட்டும் உருட்டுவதாகத்தான் பேச்சு. சரோ பச்சைச் சேலை கட்டியிருந்தாள். வருத்தம் வந்தபின் அவள் சேலை கட்டியது அன்றுதான். மகள் கட்டிவிட்டாள். நான் கதவைத் திறந்து அவளை ஏற்றி, கதவைச் சாத்தினேன். எஞ்சின் பிடித்தது. எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பேசியபோது தபால்காரர் கமராவை இறக்கிவிட்டுக் கை தட்டினார்.

சரோ பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியால் என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, பிரேக் குழைஞ்ச சோறு மாதிரிக் கிடக்கு.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது இருபத்திநாலு.

“புதுப் பிரேக் அப்பிடித்தான் இருக்கும். காரை எடும் சரோ, நேரம் போகுது.”

பிள்ளைகளே, என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வசனம் அதுதான். காரில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றைச் சொல்கிறார், அவருடைய கால் அதை உணர்கிறது, வெளியே நிற்கிற நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

அவள் என் சொல்லைக் கேட்டாள். கார் நகர்ந்தது, பழங்கள் நசிந்தன. எங்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவானது. குளிர்ந்த எஞ்சின் காரைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அவள் மிதிக்கிறாள். கார் நிற்கவில்லை.

நான் ஓடிக்கொண்டே கத்தினேன். “நிப்பாட்டுற பிரேக்கை அமத்தும், இடப்பக்கம், இடப்பக்கம்.”

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் நிறுத்தி வைக்கிற பிரேக் கையால் இழுக்கிறதல்ல. இடக்காலால் மிதிக்கிறது. சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது, நான் யாருக்கு என்ன சொல்கிறேன் என்று.

தபால்காரர் நேர் எதிரே நின்றார். சரோ ஒற்றைக் கையால் குமிழைப் பிடித்துச் சுற்றி, அவரை விலத்தி, வேலிக்குள் காரை விட்டாள். துயா மரங்கள் நாலைந்து முறிந்தன. கார் நின்றது. அவளே சாவியைத் திருப்பினாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தெரு முழுக்க எலுமிச்சம்பழ மணம்.

அவளால் உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியவில்லை. கைப்பிடி இடப்பக்கம். மகள் மறுபக்கத்தால் ஏறி அவளை இழுத்து எடுத்தாள். தபால்காரர் வெளிறிப் போயிருந்தார். ஆனால் முதலில் சரோவிடம்தான் வந்தார்.

“உங்களுக்கு ஒன்றும் இல்லையே அம்மா? வேலியை விடுங்கள். வேலி வளரும்.”

துயா அப்படி முறிந்தால் திரும்ப வளராது. அது அவருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் காரைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் பிழை தெரிந்தது. இடச் சில்லுப் பிரேக்கை வலப்பக்கமும், வலதை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டியிருந்தேன். அதனால் காற்று எடுக்கிற திருகு மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தது. காற்று மேலேதான் போகும். கீழே திறந்தால் எப்படி வரும்? முதல் வருட மாணவன் செய்கிற பிழை. முதல் வருட மாணவனாக இருந்தால் யாராவது வந்து பார்த்திருப்பார்கள்.

சரோ கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏசும் சரோ.”

“என்னத்துக்கு? முதல் மிதிக்கேக்கையே குழைஞ்சு கிடக்கு எண்டு சொன்னனான். நீங்கள் சரி எண்டியள். முப்பது வருசம் பிரேக் செய்தவர் சரி எண்டுறார், அப்ப பிழை என்ர காலிலைதான் எண்டு நினைச்சன். வலக்காலும் போகுது எண்டு நினைச்சன்.”

“பிழை உம்மட காலிலை இல்லை. என்ர கையிலை.”

“சரி. எனக்கு இனி வேண்டாம். ஆருக்காவது குடுத்துவிடுங்கோ.”

வேலி முறிந்தது எனக்குப் பெரிதில்லை. கார் கீறுப்பட்டதும் பெரிதில்லை. தன் உடம்பில் அவளுக்கு மிச்சமாக இருந்த நம்பிக்கையை நான் ஒரு வசனத்தால் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பிப் பூட்டுவதற்கு எந்தப் புத்தகத்திலும் வழி எழுதியிருக்கவில்லை.

அடுத்த கிழமை காரின் மாற்றங்களைப் பரிசோதித்து முத்திரை போட ஒரு டெர்மின் நேரம் குறித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தொலைபேசி எடுத்தேன். பரிசோதகர் ஒரு பெண்மணி, நரைத்த குட்டை முடி. பட்டறைக் காலத்திலிருந்து என்னைத் தெரியும். ஏன் வேண்டாம் என்று கேட்டார். பொய் சொல்ல மனமில்லை. முழுவதையும் சொன்னேன். பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தார். பிரேக்கைப் பார்க்கவில்லை.

“இந்தக் காரை யாருக்காகச் செய்தாய்?”

“மனைவிக்கு.”

“சரி. இடக்கையை உன் காற்சட்டைப் பைக்குள் போடு. இடக்காலை அசைக்காதே. இப்போது ஏறி உட்கார்.”

ஏறினேன். அவர் வெளியே நின்றார். கதவு திறந்தபடி கிடந்தது. அதைச் சாத்த வலக்கையை எட்டி நீட்டினேன், பிடி அகப்படவில்லை.

“மழை பெய்கிறது,” என்றார். யன்னல் சுழற்றுகிற பிடி இடப்பக்கக் கதவில்.

“இருட்டிவிட்டது.” விளக்குப் போடுகிற குமிழ் இடப்பக்க ஓரத்தில்.

“ஏற்றத்தில் நிற்கிறாய். காரை நிறுத்தி வை.”

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கிளச்சை எடுத்துவிட்டால் அவளுக்கான கார் ஆகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் எங்கே உட்காருவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எப்படி உட்காருவாள் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து பழைய வேட்டிக் கரையைக் கிழித்து இடக்கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் ஒரு மணித்தியாலம் அந்தக் காரில் ஏறி இறங்கினேன். என்ன முடியவில்லையோ அதைச் சுவரில் சோக்கால் எழுதினேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ சமையலறை யன்னல் திறந்தது.

“உதென்ன கோலம்?”

“உம்மட பக்கம் எப்பிடி இருக்குதெண்டு பாக்கிறன்.”

யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தாள்.

“முடிச்சு அவிழுது, பாருங்கோ. எனக்கு அவிழாது.”

யன்னல் சாத்தப்பட்டது. ஆனால் அடுத்த நாள் அது சாத்தாமல் இருந்தது. அதற்கடுத்த நாள் அவளே தடியோடு வந்து வாசலில் நின்று சுவரில் இருந்ததை வாசித்தாள்.

“கதவுக்குப் பெரிய வேலை ஒண்டும் வேண்டாம். ஒரு தோல் நாடா போதும். மடியிலை கிடக்கவேணும், வலக்கையாலை இழுத்துச் சாத்தலாம்.”

“ஆர் தைக்கிறது?”

தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிறுத்தி வைக்கிற பிரேக்கை இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைப்பிடியாக மாற்றினேன். விளக்குக் குமிழை வலப்பக்கம் கொண்டுவந்தேன். யன்னலுக்கு ஒரு சின்ன மோட்டார், கதவைத் திறக்கிற பிடிக்கு வலக்கைக்கு எட்டுகிற ஒரு கம்பி. எல்லாம் கிழமைக் கணக்கில் நடந்தது. இந்த முறை நான் யாரிடமும் நாள் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கோயிலால் வந்து கராஜைத் திறந்தேன். என் வேலை மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் கறுப்புத் தோல் ஒன்று பிடிபட்டிருந்தது. சேதப்படாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி வைத்திருந்தது. பாதித் தையல் போட்டு, ஊசி குத்தியபடி நின்றது. ஓட்டுநர் இருக்கையின் மிச்சப் பாதி. வேலை செய்ய இடம் வேண்டுமென்று கழற்றப் போனேன்.

“வைஸைத் திறக்காதேங்கோ,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அதுதான் இப்ப எனக்கு இடக்கை.”

நான் கையை எடுத்தேன். அன்று முழுக்க நிலத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். வானொலியை அவள் போட்டாள்.

நாடாவும் தைத்தாள், இருக்கையும் முடித்தாள். பிறகு நான் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஐயா, இன்னொரு நேரம் பாத்துத் தாங்கோ.”

“வேலை முடிஞ்சுதோ?”

“முடியுது ஐயா.”

“முடிஞ்சது எண்டு சொல்லுங்கோ, பிறகு நேரம் பாப்பம். போன முறையும் நான் இதைக் கேட்டிருக்கவேணும்.”

“ஐயா, பூசைக்கு முதல் நான் ஒருக்கா உருட்டிப் பாக்கலாமோ?”

“மோதகம் வெந்திட்டுதோ எண்டு பாத்துத்தானே இறக்கிறம். வேகாததைச் சாமிக்கு வைக்கிறதோ?”

மைஸ்டரும் ஐயரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கண்டிருந்தால் நன்றாகப் பழகியிருப்பார்கள்.

மூடியிருந்த ஒரு தளபாடக் கடையின் வெறும் முற்றத்துக்கு, அனுமதி கேட்டு, காரை இழுவை வண்டியில் கொண்டுபோனேன். நான் முதலில் ஓட்டினேன். ஐம்பது முறை பிரேக் பிடித்துப் பார்த்தேன். பரிசோதகர் அம்மா பார்த்து, தோல் நாடாவை இரண்டு முறை இழுத்துச் சிரித்து, முத்திரை போட்டார். ஐயர் வருகிற வெள்ளிக்கிழமையைக் குறித்தார். சரோ ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. போன முறை அவளை அவசரப்படுத்தியது நான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுச் சட்டையோடு, மேலே குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் தடி, விரலில் கார்ச் சாவி.

“வாங்கோ.”

“எங்கை? வெள்ளிக்கிழமை ஐயா வாறார்.”

“வெள்ளிக்கிழமை ஐயா வரட்டும், சனம் வரட்டும், படம் எடுக்கட்டும். இண்டைக்கு ஒருத்தரும் பாக்காமல்.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பழக்கம் விடாது. “மூண்டரை. செவ்வாய்க்கிழமை ராகுகாலம், சரோ.”

“பிரேக் பிடிக்குமோ?”

“பிடிக்கும்.”

“நீங்கள் ஓட்டிப் பாத்தனீங்களோ?”

“ஐம்பது தரம்.”

“அப்ப முருகன் பாத்துக்கொள்ளுவார். ஏறுங்கோ.”

நான் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறினேன். அவளைத் தூக்கவில்லை, பிடிக்கவில்லை. அவளே ஏறினாள். தடியைப் பின்னால் வைத்தாள். மடியில் கிடந்த நாடாவை இழுத்தாள், கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எஞ்சினை இயக்கினாள். பிரேக்கை ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை மிதித்துப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வாசல் சரிவில் இறங்கினோம். தெரு விளிம்பில், வேலி ஓட்டைக்கு நேர் எதிரே, பிரேக் பிடித்தாள். கார் நின்றது. தபால்காரர் அந்த ஓட்டையில் இப்போது ஒரு வாங்கு போட்டு வைத்திருக்கிறார், தெருவில் யார் போகிறார்கள் என்று பார்க்க வசதியாம். அதில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் இரண்டு காலையும் வாங்குக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். சரோ சிரித்தாள். வருத்தம் வந்தபின் அவளுடைய சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும். அது போதும்.

வலக்கையால் சமிக்ஞை போட்டு, குமிழைச் சுற்றித் தெருவில் திரும்பினாள். பிரதான வீதி வந்தது. ஒரு பஸ் எதிரே வந்தது, ஒரு சைக்கிள் குறுக்கே போனது. அவள் நேரே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்ன செய்யிறியள்?”

“ஒண்டும் செய்யேல்லையே.”

“அங்கை பிரேக் இல்லை. காலை எடுங்கோ.”

குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் முன் தரையை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தன. எடுத்தேன். வீதியைப் பார்ப்பதை விட்டு, அவள் தைத்த இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிள்ளைகளே, நீங்கள் பூட்டிய காரில் ஒருநாள் இப்படிக் காலை எடுத்துவிட்டு உட்கார உங்களால் முடிய வேண்டும். முடியாவிட்டால் சாவியை இன்னும் கொடுக்காதீர்கள், யார் கத்தினாலும், எந்த நேரம் போனாலும்.

கொஞ்சத் தூரம் போனபின்தான் கேட்கத் தோன்றியது.

“எங்கை போறம்?”

“அரிசி வாங்க,” என்றாள் சரோ. “நிலவறையிலை முடிஞ்சு நாலு நாளாச்சு. உங்களுக்கு எங்கை தெரியும்.”